‘சூப்பர் அண்ணே’ போதுமா? படம் பார்த்துக் கருத்துச் சொல்வது பற்றி வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் படம் பிடிக்கும் ஆர்வலர்கள் பலர் ஒரே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கிறார்கள் போலும். இம்மாதம் அங்கிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: அடுத்தவர் படத்தைப் பார்த்து என்ன சொல்வது, நம் படத்தைப் பற்றிச் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது. எனவே எந்த லென்ஸ் வாங்கலாம் என்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கே: எங்கள் குழுவில் யார் எந்தப் படம் போட்டாலும் கட்டைவிரல், ‘சூப்பர் அண்ணே’, ‘வேற லெவல்’, அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. எதைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும்?
*– செம்பனை ஆலை ஊழியர்*

ப: படம் வந்ததும் விரலை அரை நிமிடம் சும்மா வைத்திருங்கள். அந்த அரை நிமிடத்தில் உங்கள் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். முதலில் எங்கே விழுந்தது? அங்கிருந்து எங்கே நகர்ந்தது? படத்தை விட்டு எந்த ஓரத்தில் வெளியேறியது? வெளிச்சம் அதிகமுள்ள இடம், கூர்மையான இடம், மனித முகம், எழுத்து, சிவப்பு நிறம் ஆகியவை கண்ணை முதலில் இழுக்கும். படம் எடுத்தவர் காட்ட நினைத்ததும் உங்கள் கண் போன இடமும் ஒன்றாக இருந்தால் படம் வேலை செய்கிறது. இல்லையென்றால் நீங்கள் சொல்ல வேண்டிய கருத்து அங்கேதான் இருக்கிறது.

சொல்லும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: இடம், விளைவு, வழி. ஒரு எடுத்துக்காட்டு. அதிகாலையில் தலைவிளக்குடன் பால்மரம் வெட்டும் (ரப்பர் பாலுக்காகப் பட்டையைச் சீவும்) ஒருவரின் படம் என்று வைத்துக்கொள்வோம். ‘நல்லா இருக்கு, ஆனா என்னமோ குறையுது’ என்றால் எடுத்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘வலது மூலையில் மரத்துக்குப் பின்னால் வெள்ளை வாளி இருக்கிறது (இடம்). என் கண் முதலில் அதற்குத்தான் போகிறது, கத்தி பட்டையில் இறங்கும் இடத்துக்கு வர நேரமாகிறது (விளைவு). நீங்கள் ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் மரமே வாளியை மறைத்திருக்கும் (வழி).’ இதைக் கேட்டவர் மறுநாள் அதே நிரைக்குப் போய் ஓரடி நகர்ந்து பார்க்கலாம்.

பாராட்டுக்கும் இதே கணக்குதான். ‘செம லைட்டிங்’ என்று சொன்னால் அவர் எதை மறுபடி செய்வார்? ‘தலைவிளக்கின் ஒளி மரப்பட்டையில் பட்டு முகத்தில் திரும்பி விழுகிறது, அதனால் கண் தெரிகிறது’ என்றால் அடுத்த தடவையும் மரத்தை அந்த நெருக்கத்தில் வைத்தே எடுப்பார். தலைவிளக்கு போட்டிருப்பவர் மரத்திலிருந்து விலகி நின்றால் முகம் இருட்டாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாமலேகூட இருக்கலாம்.

சொல்வதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கண்ணில் பட்டது பிழையா, அவருடைய தெரிவா, உங்கள் ரசனையா? முகத்துக்குப் பதிலாகப் பின்னால் இருக்கும் வேலி கூர்மையாக விழுந்திருந்தால் பிழை. கறுப்பு வெள்ளையாக மாற்றியிருப்பது தெரிவு. ஏன் என்று கேட்கலாம், தப்பு என்று சொல்ல முடியாது. உங்களுக்கு மஞ்சள் நிறம் பிடிக்காது என்பது ரசனை. அதைச் சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ‘இது என் ரசனை’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு படத்துக்கு இரண்டு கருத்துக்கு மேல் வேண்டாம். ஏழு குறை சொன்னால் ஏழாவதுதான் நினைவில் நிற்கும். அந்த இரண்டிலும் இப்போதே சரி செய்யக்கூடியது ஒன்று (ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைக் கூட்டுவது), அடுத்த முறை எடுக்கும்போது செய்ய வேண்டியது ஒன்று (நிற்கும் இடம், நேரம், பின்னணி) என்று அமைந்தால் நல்லது.

கே: என் தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களைக் குழுவில் போட்டேன். ‘கறுப்பா விழுந்திருக்கு, கொஞ்சம் ப்ரைட் பண்ணுங்க’ என்று நான்கு பேர் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் அவள் முகம் வேறு யாரோ போல் இருக்கிறது. யார் சொல்வது சரி?
*– கடைத்தெரு வாசகர்*

ப: இந்தக் கருத்தை எங்கள் ஊர்களில் கேட்காத படக்காரர் இருக்க மாட்டார். இதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன: படம் இருட்டாக இருப்பது ஒன்று, ஆள் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பது இன்னொன்று. முதலாவது படத்தைப் பற்றிய கருத்து. இரண்டாவது ஆளைப் பற்றிய கருத்து, அதற்குக் குழுவில் இடமே இருக்கக் கூடாது.

இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு. முகத்தைப் பார்க்காதீர்கள், படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டியதைப் பாருங்கள்: வேட்டி, மல்லிகைச் சரம், கண்ணின் வெள்ளை. அவை சாம்பலாகத் தெரிந்தால் படம் உண்மையிலேயே இருட்டு, கூட்டத்தான் வேண்டும். அவை வெள்ளையாக, மடிப்பும் இதழும் தெரிய இருந்தால் வெளிச்சம் சரி. முகம் அதன் சொந்த நிறத்தில் இருக்கிறது. அதற்கு மேல் கூட்டினால் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகும், நெற்றியிலும் மூக்கிலும் உள்ள பளபளப்பு திட்டாக வெளுக்கும், முகம் சாயம் பூசியது போலாகும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? கேமராவின் ஒளிமானி பார்க்கும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர் அல்லது வெளுத்த வானத்துக்கு முன்னால் ஒருவரை நிறுத்தினால், அந்த வெள்ளையைச் சாம்பலாக்க மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1.3 வரை ஏற்ற வேண்டும். கைப்பேசியில் என்றால் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுங்கள். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. கறுத்த முகத்தை மட்டும் புள்ளியாக அளந்தால் கேமரா அதையும் சாம்பலாக்க முயன்று வெளுக்க வைக்கும். அங்கே -0.3 முதல் -1 வரை இறக்க வேண்டும். இரண்டும் ‘முகம் சரியாக வரவில்லை’ என்ற ஒரே கருத்தாகத்தான் உங்களிடம் வந்து சேரும். எது என்று வேட்டிதான் சொல்லும்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அழகு சேர்ப்பது தோலில் ஓடும் ஒளியின் ஏற்ற இறக்கம். அதற்குப் பக்கவாட்டிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம் வேண்டும்: சன்னலோரம், ஐந்தடி (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை), வாசல் திண்ணை. நேரே அடிக்கும் ஃபிளாஷ் அதை அழித்துவிடும். செம்பனை மரத்தடியில் எடுத்தால் இலையிலிருந்து பச்சை ஒளி தாடையடியில் ஏறும். வெள்ளைச் சட்டையை ஆதாரமாக வைத்து, நிறச் சாயலைப் பச்சையிலிருந்து மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் சற்று நகர்த்துங்கள். அந்த நோயுற்ற தோற்றம் போய்விடும். வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியதே இருக்காது.

இதற்குக் கருவிகளும் கொஞ்சம் காரணம். பிலிம் காலத்தில் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய ‘ஷர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் படமே இருந்தது. இன்றைய கைப்பேசி பலவற்றில் ‘பியூட்டி’ வசதி தானாகவே இயங்கி முகத்தை வெளுக்க வைக்கிறது. அதை அணைத்துவிட்டு எடுத்துப் பழகுங்கள்.

கருத்துச் சொல்பவர்களுக்கு: ‘கறுப்பா இருக்கு’ என்று எழுதாதீர்கள். ‘பின்னால் சுவர் வெளுத்திருப்பதால் முகம் பக்கம் வெளிச்சம் பத்தவில்லை’ என்று எழுதுங்கள். இப்படி எழுத முயலும்போதே, சுவர் வெளுக்கவில்லை, வெளிச்சமும் பத்தியிருக்கிறது என்பது பல நேரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கே: குழுவில் நான் போடும் படங்களை ‘மங்கலா இருக்கு’ என்கிறார்கள். என் கைப்பேசியில் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறது. வேண்டுமென்றே சொல்கிறார்களா?
*– தோட்டத்து இளைஞர்*

ப: இல்லை. நீங்கள் பார்ப்பது ஒரு படம், அவர்கள் பார்ப்பது வேறொரு படம். புலனத்தில் வழக்கமான முறையில் அனுப்பினால் 4000க்கு 3000 பிக்சல் படம் நீளப்பக்கத்தில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், அதற்கு மேல் அழுத்தவும் படும். கருத்துக் கேட்கும் படத்தை ‘ஆவணம்’ ஆக அனுப்புங்கள், மூலப்படம் அப்படியே போகும். ஷட்டர் (ஒளி பதியும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) விவரங்களும் கூடப் போவதால் பார்ப்பவர் காரணத்தோடு பேச முடியும். ஒரு எச்சரிக்கை: எடுத்த இடத்தின் குறியீடும் அதில் இருக்கலாம். வீட்டில் எடுத்த குழந்தைப் படங்களை அனுப்பும் முன் கேமரா அமைப்பில் இடப்பதிவை அணைத்துவிடுங்கள்.

மூலப்படமும் மங்கல்தான் என்றால், மங்கல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ‘மங்கல்’ என்று சொல்லிவிட்டுப் போவதைவிட இதைச் சொல்வதுதான் உதவி. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, அதில் இருப்பவரின் கண் இமையருகே பாருங்கள்.

எல்லா விளக்குப் புள்ளிகளும் ஒரே திசையில் சிறு கோடாக நீண்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஷட்டர் வேகம் லென்ஸின் குவிய நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 50 மிமீ என்றால் குறைந்தது 1/50 நொடி. மரமும் நிலமும் கூர்மை, வெட்டும் கை மட்டும் கலங்கல் என்றால் ஆள் அசைந்திருக்கிறார். பால்வெட்டுக்கு 1/125 முதல் 1/250, ஆடி வரும் காவடிக்கு 1/500 தேவைப்படும். முகம் மங்கல், ஆனால் பின்னால் இருக்கும் வாழை கூர்மை என்றால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. முகத்தைத் தொட்டு எடுங்கள். எங்குமே கோடு இல்லை, வானத்தில் சதுரக் கட்டங்கள் தெரிகின்றன, தலைமுடி மெழுகாக வழிகிறது என்றால் அது படத்தை அழுத்தியதால் வந்தது, அல்லது இருட்டில் கைப்பேசி இரைச்சலை (புள்ளி புள்ளியாக விழும் கறையை) வழித்துத் துடைத்ததால் வந்தது. இருட்டில் எடுக்கும் பால்வெட்டுப் படங்களில் இந்தக் கடைசி வகை அதிகம். மரத்தடியில் கொஞ்சம் வானொளி இறங்கும் 7.15 மணி வரை பொறுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கோவில் மண்டபத்தில் எடுத்த படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடுவதாக யாராவது சொன்னால் அது வேறு நோய். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள்.

கே: கருத்துக் கேட்டுப் படம் அனுப்பினால் பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. எப்படிக் கேட்பது?
*– கல்லூரி மாணவி*

ப: எத்தனை படம் அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இருபது என்றால் அதுதான் காரணம். இருபது படத்தில் நல்லதைப் பொறுக்குவது உங்கள் வேலை. ஒன்று அனுப்புங்கள், அதிகம் போனால் ஒரே காட்சியின் இரண்டு வடிவம். கூடவே மூன்று வரி: எதைக் காட்ட எடுத்தீர்கள், எதற்குப் பயன்படப் போகிறது (முகநூலா, 8க்கு 10 அங்குல 8ஆர் அச்சா, போட்டியா), உங்களுக்கே எங்கே சந்தேகம். ‘எப்படி இருக்கு?’ என்ற கேள்விக்கு ‘நல்லா இருக்கு’ தவிர வேறு பதில் வராது. ‘இடப்பக்கம் நிற்கும் பாட்டியை வெட்டிவிடலாமா, இருக்கட்டுமா?’ என்றால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

ஆனால் படத்தின் கதையை முழுக்கச் சொல்லிவிடாதீர்கள். ‘இவர் முப்பது வருடம் இந்தத் தோட்டத்தில் உழைத்தவர்’ என்று முதலிலேயே எழுதினால் எல்லாரும் மனிதரைப் பார்த்து உருகுவார்கள். படம் அதைக் காட்டுகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

கே: எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் எடுக்கும் கோவில் படங்களில் கோபுரம் எப்போதும் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. எப்படிச் சொல்வது?
*– மரியாதை தெரிந்தவன்*

ப: குழுவில் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். நேரில் என்றால் இன்னும் நல்லது. ‘ஐயா, கோபுரம் மேலே போகப்போகக் குறுகுகிறதே, அப்படித்தான் வேண்டும் என்று எடுத்தீர்களா? நேராக நிறுத்தவும் ஒரு வழி இருக்கிறது’ என்று கேளுங்கள். அவர் ஆமாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். குத்திக்காட்டும் கேள்வியைப் பணிவான குரலில் கேட்பதைப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் நேர்க்கோடுகள் மேலே கூடும். கோபுரமும் பின்னால் சாய்ந்தது போல் தெரியும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, சாய்க்காமல், முழு உயரமும் அடங்கும் வரை பின்னால் போக வேண்டும். அது எவ்வளவு தூரம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். கைப்பேசியின் வழக்கமான லென்ஸில் அதைச் சாய்க்காமல் அடக்க ஏறத்தாழ 60 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். அப்போது படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வரும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இடம் இல்லையென்றால், கோபுரத்தைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டுச் சாய்த்தே எடுத்து, திருத்தும் செயலியில் செங்குத்துச் சீரமைப்பை இழுங்கள். சுற்றிலும் இடம் விடாமல் எடுத்தால் சீரமைக்கும்போது கலசம் வெட்டுப்படும்.

கே: ஒரே படத்துக்கு ஒருவர் ‘வலப்பக்கம் வெட்டுங்க’ என்கிறார், இன்னொருவர் ‘வலப்பக்கம் இன்னும் இடம் விட்டிருக்கலாம்’ என்கிறார். யாரைக் கேட்பது?
*– குழம்பிய இல்லத்தரசி*

ப: இருவருமே வலப்பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள், கவனித்தீர்களா? தீர்வில்தான் மோதுகிறார்கள், இடத்தில் ஒத்துப்போகிறார்கள். அங்கே ஏதோ உறுத்துகிறது என்பது உறுதி. பார்ப்பவர்கள் உறுத்தலைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். மருந்து சொல்வதில் அவ்வளவாக இல்லை.

பெரும்பாலும் அங்கே பாதியில் வெட்டுப்பட்ட ஏதாவது இருக்கும். ஒரு கை, ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம். பாதி இருப்பதுதான் சங்கடம்: முழுதாக நீக்க வேண்டும் என்கிறார் ஒருவர், முழுதாகச் சேர்த்திருக்க வேண்டும் என்கிறார் மற்றவர். படத்துக்கு இரண்டு நகல் எடுத்து ஒன்றில் வெட்டிப் பாருங்கள். பிறகு இரண்டையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாகப் புரட்டிப் பாருங்கள். பழகிப்போன படம் அப்போது புதிதாகத் தெரியும், எது கனமாக ஒரு பக்கம் சரிகிறது என்பதும் தெரியும். அன்றைக்கே முடிவு செய்யாமல் மறுநாள் காலையில் தேர்ந்தெடுங்கள்.

கருத்து வந்தவுடன் ‘இல்ல, அங்க டிராக்டர் நின்னுச்சு, அதனாலதான்…’ என்று விளக்கத் தொடங்காதீர்கள். டிராக்டர் நின்றது உண்மையாகவே இருக்கட்டும், படத்தைப் பார்ப்பவருக்கு அது தெரியப் போவதில்லை. ‘சரி, பார்க்கிறேன்’ என்று எழுதி, சொன்னதைக் குறித்து வையுங்கள். வெவ்வேறு படங்களுக்கு வெவ்வேறு ஆட்கள் அதே குறையைச் சொன்னால் அது உங்கள் கைப்பழக்கம். ஒரே ஆள் எல்லார் படத்துக்கும் அதே குறையைச் சொன்னால் அது அவருடைய பழக்கம்.

கே: என் படத்தை ஒருவர் தானாகவே திருத்திக் குழுவில் போட்டு ‘இப்ப பாருங்க’ என்கிறார். கோபம் வருகிறது. தவறா?

ப: கோபம் நியாயம்தான். கேட்காமல் திருத்தக் கூடாது. ‘வெட்டிக் காட்டட்டுமா?’ என்று கேட்டு, சரி என்றால் தனியாக அனுப்ப வேண்டும், முடிந்ததும் அழிக்க வேண்டும். குழு நிர்வாகி இதை விதியாகவே எழுதி வைக்கலாம். என்றாலும் அந்தத் திருத்தத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆள் முறை தவறியவர் என்பதால் வெட்டும் தவறாகிவிடாது.

கே: தீபாவளிப் போட்டியில் என் படத்துக்கு நடுவர் ‘அதிகத் திருத்தம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டார். நான் நிறத்தைக் கொஞ்சம்தான் கூட்டினேன்.
*– பரிசு தவறியவர்*

ப: நடுவர் இடத்தைச் சுட்டியிருக்க வேண்டும். ஒரே சொல்லில் முடித்தது அவர் குறை. நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்து நாங்கள் சுட்டுகிறோம்.

சிவப்புப் புடவையில் சரிகைக் கரை இருக்கிறது, துணியின் நெசவு இல்லை. சிவப்பு ஒரே திட்டாக நிற்கிறது. நிறத்தைக் கூட்டும்போது சிவப்பு அலைவரிசைதான் முதலில் உச்சத்தில் முட்டும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சரியாகத் தெரிந்தாலும் சிவப்பின் ஹிஸ்டோகிராம் வலது சுவரில் ஒட்டியிருக்கும். குங்குமம், செம்பருத்தி, காவடி மயிலிறகின் நீலம் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. சிவப்பை மட்டும் 15 முதல் 20 வரை இறக்குங்கள், நெசவு திரும்பி வரும். வரவில்லையென்றால் எடுக்கும்போதே போய்விட்டது.

பின்னால் சுண்ணாம்புக் குன்றின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடுகிறது. கூர்மையும் ‘கிளாரிட்டி’யும் மிகுந்தால் வரும் ஒளிவட்டம் அது. செம்பனை இலை பிளாஸ்டிக் பச்சையாக இருக்கிறது. நேரில் அந்த இலையில் மஞ்சளும் சாம்பலும் கலந்திருக்கும். பச்சையின் நிறச் சாயலை மஞ்சள் பக்கம் சிறிது நகர்த்தினால் போதும்.

நிறம் கூட்டுவதே குற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். பினாங்கின் படக்கலைஞர் இஸ்மாயில் ஹாஷிம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டியவர். அவருடைய நிறம் யாருக்கும் இயற்கையாகத் தெரியாது, தெரிய வேண்டும் என்று அவர் எண்ணவும் இல்லை. உங்கள் படமோ ‘நான் பார்த்த தீபாவளி’ என்ற பிரிவில் போனது. அந்தப் பிரிவில் இலை பிளாஸ்டிக்காக இருந்தால் நடுவர் கேட்கத்தான் செய்வார்.

கே: தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாகப் படக்கலைக் கழகம் நடத்துகிறேன். ஒரு மணி நேரம் கிடைக்கிறது. பிள்ளைகள் ஒருவர் படத்தை ஒருவர் கேலி செய்வதிலேயே நேரம் போகிறது.
*– ஆசிரியை*

ப: டீச்சர், திரையில் காட்டுவதை நிறுத்திவிட்டு 4ஆர் அளவில் அச்சிட்டு மேசையில் பரப்புங்கள். திரையில் ஒரு படம் பெரிதாக நிற்கும்போது எடுத்த பிள்ளையே மேடையில் நிற்பது போலாகிவிடுகிறது. 4ஆர் என்பது 4க்கு 6 அங்குலம். 1800க்கு 1200 பிக்சல் போதும், புலனத்தில் வந்த படம்கூடச் சமாளிக்கும். 8ஆர் போனால்தான் மங்கல் தெரியும். பின்னால் எண் மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

ஒரு படத்துக்கு 6 நிமிடம், எட்டுப் படம். மீதி நேரம் பரப்பவும் அடுக்கவும் சரியாக இருக்கும். 6 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த நான்கு படி முறை பள்ளிக்கும் பொருந்தும். முதலில் பார்த்தவர்கள் தம் மனத்தில் நின்றதைச் சொல்வார்கள். பிறகு எடுத்தவர் தன் சந்தேகத்தைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், கேள்விக்குள் கருத்தை ஒளிக்காமல். கடைசியில்தான் கருத்து, அதுவும் ‘வெளிச்சத்தைப் பற்றி ஒரு கருத்து இருக்கு, சொல்லவா?’ என்று அனுமதி கேட்டபின். எடுத்தவர் வேண்டாம் என்றும் சொல்லலாம்.

மூன்றாவது படிதான் பிள்ளைகளுக்குக் கடினம். ‘ஏன் இவ்ளோ இருட்டா எடுத்தே?’ என்பது கேள்வி வேடம் போட்ட குறை. ‘எந்த நேரத்தில் எடுத்தே?’ என்பது கேள்வி. இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். நேரத்தைக் கேட்பது வீணாகாது. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 1 மணிக்கும் 1.30க்கும் இடையில், பள்ளி விட்டதும் எடுக்கும் படங்களில் கண்குழி கறுத்திருப்பது பெரும்பாலும் அதனால்தான். காலை 9 மணிக்கு முன், மாலை 6 மணிக்குப் பின் எடுக்கச் சொல்லுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் இங்கே செங்குத்தாக இறங்கிவிடும். குளிர்நாட்டுக் காணொளிகளில் சொல்லும் நீண்ட பொன்னொளி நேரம் நமக்குக் கிடையாது.

கேலிக்கு ஒரே மருந்து: கேலி செய்த பிள்ளையின் படத்தை அடுத்ததாகப் பேச எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: தைப்பூசத்தில் அருள் வந்த ஒரு பெண்மணியை எடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள், ஒரு அக்கா மட்டும் ‘இதைப் போட்டிருக்கக் கூடாது’ என்றார். இது படத்தைப் பற்றிய கருத்தா?

ப: ஆமாம், வந்த கருத்துகளிலேயே கனமானது. அருளில் இருப்பவரிடம் அனுமதி கேட்க முடியாது. பிறகு அவரையோ குடும்பத்தாரையோ தேடிப் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கலாம். சேலை விலகியிருந்தால், முகம் கோணியிருந்தால், அவர் விழித்தபின் பார்க்க விரும்புவாரா என்று எண்ணிப் பாருங்கள். முகம் தெரியாமல் பாதமும் விபூதியும் மட்டும் வரும் படம் உங்கள் அட்டையில் நிச்சயம் இருக்கும், அதைப் போடுங்கள். மற்றதைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். அந்த அக்காவுக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள், குழுவிலேயே.

கே: சில வாரமாக என் படங்கள் எல்லாம் ‘கனவு மாதிரி இருக்கு’, ‘சினிமா லுக்’ என்று பாராட்டுப் பெறுகின்றன. நான் ஒன்றும் மாற்றவில்லையே!
*– வியப்பில் இருப்பவர்*

ப: லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றி வரும் புகைமூட்டமும், ஒளி ஒரே திசையில் கோடாக இழுபடுவதும் கைரேகை எண்ணெய்யின் வேலை. மென்மையான துணியால் வட்டமாகத் துடைத்துவிட்டு அதே விளக்கை மறுபடி எடுங்கள்.

போகவில்லையென்றால், குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியதும் எடுத்தீர்களா? ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கும். கேமராவைப் பைக்குள் மூடியபடியே 20, 30 நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுங்கள். அதுவும் இல்லையென்றால் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல் வெள்ளைக் கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. ஆரம்ப நிலை என்றால் கடைக்காரர் கழற்றிச் சுத்தம் செய்வார். கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டிருந்தால் தழும்பு போகாது. சுத்தமானபின் லென்ஸை அலமாரித் துணிகளுக்கிடையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40 விழுக்காட்டுக்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் நிற்கட்டும்.